108-ஐ அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஆள் மயங்கி விழுந்துட்டாரு, சீக்கிரம் வாங்க!” என்று பதறிச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள். எங்கே வருவது?

போனை எடுப்பவர் உங்கள் ஊர்க்காரர் இல்லை. ‘காந்தி நகர்’, ‘புதூர்’ என்று மட்டும் சொன்னால் தமிழ்நாடு முழுக்க அந்தப் பெயரில் ஊர்கள் இருக்கின்றன. அதனால்தான் முதலில் மாவட்டம், பிறகு தாலுகா, ஊர், தெரு, கடைசியாகக் கோயிலோ ரேஷன் கடையோ ஓர் அடையாளம் என்று கேட்கிறார்கள். இடையில் லைன் துண்டித்துப் போனாலும், இடம் தெரிந்திருந்தால் வண்டியை அனுப்பிவிடலாம். நான்குவழிச் சாலை விபத்தென்றால் கிலோமீட்டர் கல்லின் எண்ணோடு, எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். பக்கம் மாறினால், வண்டி உங்களைப் பார்த்துக்கொண்டே கடந்து போய், அடுத்த திருப்பத்தில்தான் திரும்பி வர முடியும்.

அடுத்த தவறு, வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு அவரை 108-க்குப் பேசச் சொல்வது. “மூச்சு இருக்கா? கூப்பிட்டா கண் திறக்கிறாரா?” என்று கேட்டால் அவரால் எப்படிச் சொல்ல முடியும்? நோயாளியின் பக்கத்தில் நிற்பவரே பேச வேண்டும், ஸ்பீக்கரில் போட்டுவிட்டு.

மூச்சு பற்றிய கேள்விதான் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. இதயம் நின்றுபோன சிலருக்கு முதல் சில நிமிடங்கள் விட்டுவிட்டு, குறட்டைபோல மூச்சு இழுக்கும். அதைப் பார்த்து “மூச்சு இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டால், நெஞ்சை அழுத்தச் சொல்லித்தர வேண்டிய நிமிடங்கள் வீணாகிவிடும். எப்படி மூச்சு விடுகிறார் என்று பார்த்தபடியே சொல்லுங்கள். அழுத்தச் சொன்னால், வயதுவந்தவர்களுக்கு நெஞ்சின் நடுவில், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒருவர் களைத்தால் அடுத்தவர் மாறிக்கொள்ளலாம்.

கை கால் இழுத்து வாய் கோணும் பக்கவாதமாக இருந்தால், “கடைசியா எப்ப நல்லா இருந்தார்?” என்று கேட்டால் உத்தேசமாக ஒரு நேரத்தை உளறிவிடாதீர்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கணக்கு, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் தொடங்கும். தூக்கத்தில் இப்படி ஆகியிருந்தால் படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள்.

விபத்தென்றால், எத்தனை பேருக்கு அடி, யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா என்பதை வைத்துத்தான் எத்தனை ஆம்புலன்ஸ், தீயணைப்புத் துறை வேண்டுமா என்று முடிவாகும். பெயரும் எண்ணும் கொடுத்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் எனப் பலர் பயப்படுகிறார்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. வழி கேட்க ஓட்டுநர் அழைப்பது நீங்கள் கொடுக்கும் போன் எண்ணைத்தான். அந்த நேரத்தில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு லைனை பிஸியாக வைக்காதீர்கள். இன்னொருவர் தெருமுனையில் நிற்கட்டும். இரவென்றால் வாசல் விளக்கு எரியட்டும்.

காத்திருக்கப் பொறுக்காமல் ஆட்டோவில் கிளம்பிவிட்டால், உடனே 108-ஐ மறுபடி அழைத்துச் சொல்லிவிடுங்கள். ஆளில்லாத இடத்துக்கு ஓடும் அந்த வண்டியை வேறொருவருக்குத் திருப்பிவிட முடியும்.