மாதச் சந்தாவா, ஒரேயடியாக வாங்குவதா? இசை சாஃப்ட்வேருக்குக் கணக்குப் போடும் முறை

கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி பக்கம் வீட்டில் ஓர் அறையை ஸ்டூடியோவாக்கி, பக்திப் பாட்டும் கல்யாண வீடியோவுக்கு இசையும் செய்பவர்களுக்கு வேலை ஒரே சீராக வராது. தை, வைகாசி, ஆவணியில் முகூர்த்தம் நெருக்கும். ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியில் கல்யாண வேலை நின்று பக்திப் பாட்டு வேலை வரும். மாதச் சந்தாவோ தேதி தவறாமல் கணக்கிலிருந்து போய்விடும். அதனால் விலைப் பட்டியலுக்கு முன் காலண்டரை எடுங்கள்.

முதலில், மாதங்களை எண்ணுங்கள். போன வருஷக் காலண்டரில் சாஃப்ட்வேரைத் திறந்த மாதங்களை வட்டமிடுங்கள். முடிந்துபோன பாட்டில் ஒரு வரி திருத்தத் திறந்த மாதமும் சேர்த்திதான். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இப்போதுதான் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறீர்கள் என்றால் 12 என்றே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கை படியாமல் இந்த வேலை வராது.

அடுத்து ஐந்து வருஷக் கணக்கு. உதாரணத்துக்குச் சந்தா மாதம் 900 ரூபாய், முழு விலை 18,000, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் அப்கிரேடு 6,000 என்று கொள்வோம். விடாமல் சந்தா கட்டினால் 54,000. வாங்கிவிட்டு இரண்டு அப்கிரேடும் எடுத்தால் 30,000. ஓர் அப்கிரேடை எடுக்காமல் விட்டால் 24,000. இருபதாவது மாதத்திலேயே சந்தா முழு விலையை எட்டிவிடுகிறது.

வருஷத்துக்கு ஆறு மாதம் மட்டும் கட்டினால் ஐந்து வருஷத்துக்கு 27,000. ஏழு மாதமானால் 31,500. ஆக, வாங்கி இரண்டு அப்கிரேடும் எடுக்கும் 30,000-ஓடு ஒப்பிட்டால் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்தான் கோடு. ஆடி மாதத்தில் கும்பாபிஷேகப் பாட்டில் ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லி ஒரு கோயில் கேட்டால் போதும், கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். நடுவில் நிறுத்த முடிகிற திட்டமா என்றும் பாருங்கள். வருஷ ஒப்பந்தம் போட்டு மாதத் தவணையில் வாங்கும் திட்டங்களில் பெரும்பாலும் அது முடியாது.

வரியும் வங்கியும். வெளிநாட்டு நிறுவனம் சொல்லும் டாலர் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரலாம். கட்டணப் பக்கத்தின் கடைசித் திரையில்தான் தெரியும். கார்டுக்கு வங்கி தனியாக அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கலாம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் நீங்களே திறந்து வைக்க வேண்டும். ஒரு தடவைக்கு 15,000 ரூபாயைத் தாண்டும் தானியங்கிக் கட்டணம் ஓடிபி இல்லாமல் போகாது. அந்தக் குறுஞ்செய்தியைக் கவனிக்காமல் விட்டால், பாடகர் மைக் முன்னால் நிற்கும்போது சாஃப்ட்வேர் பூட்டிக்கொள்ளும்.

வாங்கினால் என்ன கிடைக்கும்? ‘வாங்குவது’ என்பதற்கு ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஒவ்வொரு பொருள். எஃப்எல் ஸ்டூடியோவில் ஒருமுறை கட்டினால் பிறகு வரும் பதிப்புகள் இலவசம். ஆனால் மிகக் குறைந்த விலையுள்ள ஃப்ரூட்டி பதிப்பில் குரல் பதிவு செய்ய முடியாது. ரீப்பரில் 60 நாள் முழுமையாகச் சோதிக்கலாம். பிறகு தனிநபர்களுக்கும் சிறு தொழில் செய்பவர்களுக்கும் 60 டாலர். ஏழாம் பதிப்பில் வாங்கினால் எட்டாம் பதிப்பு முடியும்வரை செல்லும். ஏபிள்டன், கியூபேஸ் இரண்டிலும் பெரிய பதிப்புக்குப் பெரிய பதிப்பு அப்கிரேடு காசு. ஆப்பிளின் லாஜிக்கை மேக் கணினிக்கு ஒருமுறை விலை கொடுத்து வாங்கலாம், ஐபேடுக்குச் சந்தா. கொள்கையும் மாறக்கூடியதுதான்: 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் தன் ப்ளகின்களை (மூல சாஃப்ட்வேருக்குள் சேர்த்துக்கொள்ளும் எஃபெக்ட், கருவி போன்ற துணை சாஃப்ட்வேர்கள்) இனி சந்தாவில் மட்டுமே தருவோம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே திரும்பப் பெற்றது.

எங்கள் பரிந்துரை இதுதான்: பாட்டைப் பதிவு செய்யும் மூல சாஃப்ட்வேரை வாங்கிவிடுங்கள், அபூர்வமாகத் தேவைப்படும் ப்ளகினை அந்த மாதத்துக்கு மட்டும் சந்தாவில் எடுங்கள். டெல்டாவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்துக் கணினியை ஓட்டிவிடலாம். இணையத்துக்கு என்ன செய்வது? சந்தா சாஃப்ட்வேர்கள் அவ்வப்போது இணையத்தில் உரிமத்தைச் சரிபார்க்கும், முடியாவிட்டால் திறக்காது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தாவை நிறுத்தும் முன். இதில் தவறினால் பாட்டே போய்விடும். பிரகாரத்தில் வாசிப்பது போல நாதஸ்வரத்துக்குக் கொடுத்த எதிரொலி ஒரு சந்தா ப்ளகினில் இருந்தது என்று வையுங்கள். சந்தா நின்றபின் ப்ராஜெக்டைத் திறந்தால் ‘ப்ளகின் இல்லை’ என்று வரும். நாதஸ்வரம் திறந்த வெளியில் ஊதியதுபோல வறண்டு கேட்கும்.

அதனால் ஒவ்வொரு டிராக்கையும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) ஒலிக்கோப்பாக எடுங்கள்: எஃபெக்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. எல்லாக் கோப்பும் பாட்டின் பூஜ்ஜிய விநாடியிலிருந்தே தொடங்க வேண்டும். தவில் நுழையும் இடத்திலிருந்து மட்டும் வெட்டி எடுத்தால் பிறகு நாதஸ்வரத்தோடு ஒட்டாது. ஒலியைத் தானாகவே உச்ச அளவுக்கு ஏற்றும் ‘நார்மலைஸ்’ அணைந்திருக்கட்டும், இல்லையேல் ஒலி அளவுகள் குலைந்துவிடும். மிடி டிராக்குகளை (ஒலியாக இல்லாமல், எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பாக இருப்பவை) மிடி கோப்பாகவும் சேமியுங்கள். கோப்பின் பெயரிலேயே சுருதியும் வேகமும் இருக்கட்டும்: ‘நாதஸ்வரம்_2கட்டை_84’ என்பதுபோல.

ஐந்து நிமிஷப் பாட்டில் 20 மோனோ (ஒற்றைத் தட ஒலி) டிராக் இருந்தால் ஒரு தொகுப்பு சுமார் 860 எம்பி, இரண்டும் சேர்ந்து 1.7 ஜிபி. எடுத்து முடித்ததும் எல்லாவற்றையும் ஒரு வெற்று ப்ராஜெக்டில் போட்டு முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். தவிலும் தாளமும் கூடி வந்தால் சந்தாவை ரத்து செய்யலாம். அடுத்த தவணைத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே செய்துவிடுங்கள்.