செலவைக் குறைக்கும் ஒப்பனை: அடுக்களைக்கும் முகத்துக்கும் இடையே நேரும் தவறுகள்

ஒப்பனைக்கு ஆகும் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பொதுவாக இரண்டு வழிகளை நாடுகிறார்கள். விலை குறைந்த பொருளைக் கடையில் தேடி வாங்குவது ஒன்று. அடுக்களையில் உள்ளதைக் கொண்டு வீட்டிலேயே தயாரித்துக்கொள்வது மற்றொன்று. இரண்டுமே நியாயமான வழிகள்தாம். ஆனால் உணவுக்கும் ஒப்பனைப் பொருளுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. உணவு, சமைத்த அன்றோ மறுநாளோ தீர்ந்துவிடுவது. ஒப்பனைப் பொருளோ திறந்த பிறகும் பல மாதங்கள், விரலும் காற்றும் ஈரமும் பட்டும், கெடாமல் இருக்க வேண்டியது. உண்ட உணவை வயிற்றின் அமிலமும் செரிமான நொதிகளும் எதிர்கொள்கின்றன. முகத்தில் பூசியதை எதிர்கொள்வது தோலின் மிக மெல்லிய மேலடுக்கு மட்டுமே. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் நேர்பவை.

அவற்றுள் மிகப் பரவலானது எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்ப்பது. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது, அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலில் அது ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு 2 முதல் 2.5 வரை இருக்கும். இந்த அளவுகோலில் ஒவ்வோர் எண் குறையும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதால், தோல் பழகிய நிலையைவிட எலுமிச்சைச் சாறு பல நூறு மடங்கு கூடுதல் அமிலமானது. அதில் வைட்டமின் சி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நூறு கிராம் சாற்றில் இருப்பது சுமார் 40 முதல் 50 மில்லிகிராம் வைட்டமின் சி, அதாவது ஏறத்தாழ 0.05 சதவீதம், ஆனால் சிட்ரிக் அமிலமோ 5 சதவீதத்துக்கும் மேல். வைட்டமின் சி சீரம்கள் (முகத்தில் பூசும் செறிந்த திரவங்கள்) வழக்கமாக 10 முதல் 20 சதவீதச் செறிவில் தயாரிக்கப்படுகின்றன. ஆகவே எலுமிச்சையைத் தேய்ப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் எரிச்சல்தான். வைட்டமின் மிகச் சொற்பமே.

இதைவிடக் கவலை தரும் இன்னொரு விளைவும் உண்டு. எலுமிச்சை வகைப் பழங்களிலும் செலரி போன்ற சில கீரைகளிலும் ஃபியூரனோகூமரின் எனப்படும் சேர்மங்கள் உள்ளன. இவை தோலில் பட்ட நிலையில் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், ஓரிரு நாள்களில் தோல் சிவந்து, சில வேளைகளில் கொப்புளமும் எழும்பும். அது ஆறிய பின் அந்த இடம் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கருத்துக் கிடக்கும். சாறு வழிந்த தடத்திலேயே இந்தக் கருமை கோடு கோடாகப் படிவதுண்டு. கரும்புள்ளியைப் போக்குவதற்காகப் பூசியதே புதிய கருமைக்குக் காரணமாகிவிடுகிறது என்பதால், இந்தப் பழக்கத்தை முற்றிலும் கைவிடுவதே நல்லது. நீர் கலந்து பூசினாலும், தேனோடு சேர்த்துப் பூசினாலும் இந்தச் சேர்மங்கள் மறைந்துவிடுவதில்லை.

சமையல் சோடா இதற்கு நேர் எதிர்த்திசையில் செய்யும் தவறு. அதன் கரைசலின் பி.எச். அளவு 8-க்கு மேல், அதாவது காரத்தன்மை உடையது என்பதால், தோலின் இயல்பான அமிலப் படலம் குலைகிறது. ஈரப்பதம் விரைவாக வெளியேறுகிறது. கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் குறைகிறது. எலுமிச்சை எரிச்சல் தந்ததென்று அதை ஈடுசெய்யச் சோடாவைப் பூசுவது ஒரே நாளில் இரண்டு முறை தோலை வதைப்பதாகும். சர்க்கரை, உப்பு, அரைத்த கொட்டை ஓடு போன்ற கரகரப்பான பொருள்களால் முகத்தை அழுத்தித் தேய்ப்பதும் இதே வகையில்தான் சேரும். அவற்றின் கூரிய முனைகள் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை ஏற்படுத்தக்கூடும். முகப்பரு உள்ளவர்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

வீட்டுத் தயாரிப்புகளில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது தண்ணீரைப் பற்றியது. பீட்ரூட் சாற்றில் உதட்டுச் சாயம், வெள்ளரிச் சாற்றில் டோனர், கற்றாழைச் சோற்றில் ஜெல் என்று எதைத் தயாரித்தாலும், அதில் நீர் இருக்கும் வரை அது பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் உரிய இடம். கடையில் விற்கும் கிரீம்களில் இதற்காகவே பதப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. வீட்டில் செய்ததில் அவை இல்லாததால், நீர் கலந்த எந்தத் தயாரிப்பையும் அன்றன்றைக்குச் செய்து அப்போதே பயன்படுத்துவதே முறை. தவிர்க்க முடியாதபோது குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம். நிறமும் மணமும் மாறவில்லையே என்று நம்பி அதை நீட்டிக்கக் கூடாது, ஏனென்றால் கிருமிகள் பெருமளவில் பெருகிய பின்னும் பார்வைக்கோ முகர்வுக்கோ எதுவும் புலப்படாமல் இருக்கலாம். எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் சேர்த்துக் காய்ச்சிய உதட்டுத் தைலத்தில் நீர் இல்லை என்பதால் அது நெடுநாள் தாங்கும். ஈர விரலால் தொடாமல், எண்ணெய் காறும் வாடை வந்தவுடன் தூக்கி எறிந்தால் போதும்.

பதப்பொருள் என்றாலே நஞ்சு என்ற எண்ணம் இன்று பரவலாகியிருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாராபென் என்ற பதப்பொருளைக் குறித்த அச்சமே பலரை வீட்டுத் தயாரிப்பின் பக்கம் தள்ளுகிறது. ஆனால் தொடுகை ஒவ்வாமையைப் பொறுத்தவரை பாராபென்கள் மிகக் குறைந்த தொல்லை தருபவை. அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிக் கழகம் ஆண்டுதோறும் ஓர் ‘ஒவ்வாமைப் பொருளை’ அறிவிக்கும் வழக்கத்துக்கு மாறாக, 2019-இல் பாராபென்களை ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்று குறிப்பிட்டு அறிவித்ததே இந்த அச்சத்தைத் தணிப்பதற்காகத்தான். பதப்பொருள் இல்லாத, பூஞ்சை பிடித்த கிரீம் கண்ணருகே பட்டால் நேரும் தீங்கு அதைவிடப் பெரிது.

உண்ணக்கூடிய பொருள் தோலுக்கு ஒருபோதும் ஒவ்வாமை தராது என்று எண்ணுவதும் தவறு. ஜப்பானில் நீராற்பகுப்பு செய்த (சிறு துண்டுகளாகச் சிதைத்த) கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்கு, அதுவரை தொல்லையின்றி உண்டுவந்த கோதுமையே பின்னர் ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. அந்தச் சோப்பு 2011-இல் திரும்பப் பெறப்பட்டது. வேர்க்கடலை எண்ணெய் கலந்த தோல் களிம்புகளுக்கும் குழந்தைகளின் வேர்க்கடலை ஒவ்வாமைக்கும் இடையே தொடர்பு இருப்பதை 2003-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வொன்று காட்டியது. இரண்டிலும் உணவுப் புரதம், வயிற்றின் வழியே அல்லாமல் தோலின் வழியே உடலின் நோய் எதிர்ப்பு அமைப்புக்கு அறிமுகமாகியிருக்கிறது. வெடிப்பும் சொறியும் உள்ள தோலில் பால், முட்டை, கோதுமை மாவு, கடலை வகைகள் ஆகியவற்றைப் பூசுவதை, குறிப்பாகக் குழந்தைகளுக்குப் பூசுவதை, நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்கமாட்டேன். பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதையும் வாயருகே முகப்பூச்சு போடுபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பட்டைத்தூளை உதட்டில் தேய்த்தால் உதடு தடித்துத் தெரியும் என்று சொல்லப்படுகிறது. அந்தத் தடிப்பே எரிச்சலின் அடையாளம், பட்டையில் உள்ள சின்னமால்டிகைடு நன்கறியப்பட்ட ஒவ்வாமைப் பொருள்.

சன்ஸ்கிரீனை மட்டும் வீட்டில் செய்யவே கூடாது. தேங்காய் எண்ணெய் முதலான தாவர எண்ணெய்கள் ஆய்வகச் சோதனையில் மிகக் குறைந்த பாதுகாப்பையே காட்டின. துத்தநாக ஆக்சைடு பொடியை வாங்கிக் கிரீமில் கலந்துகொள்வதும் உதவாது, ஏனென்றால் அந்தத் துகள்கள் திட்டுத் திட்டாகத் திரண்டு, இடையிடையே வெயில் புகும் இடைவெளிகளை விட்டுவிடும். எஸ்.பி.எஃப். 30 (வெயிலிலிருந்து காக்கும் அளவைக் குறிக்கும் எண்) என்று அச்சிட்ட பொருள், ஒரு சதுர செ.மீ. தோலில் 2 மில்லிகிராம் என்ற அளவில் தடவிச் சோதிக்கப்பட்டு, எரிப்பை உண்டாக்கும் புற ஊதா ‘பி’ கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுப்பது. விலை குறைந்த சன்ஸ்கிரீனும் இதே சோதனையில் தேறித்தான் அந்த எண்ணைப் பெறுகிறது, ஆகவே எஸ்.பி.எஃப். 30-உம் புற ஊதா ‘ஏ’ கதிருக்கான பாதுகாப்பும் குறிக்கப்பட்ட மலிவான ஒன்றை வாங்கித் தாராளமாகப் பூசுவது, விலை உயர்ந்ததைச் சிக்கனமாகத் தொட்டுப் பூசுவதைக் காட்டிலும் பயன் தரும்.

அடுக்களையிலிருந்து எதுவுமே உதவாது என்று இதற்குப் பொருளில்லை. நன்றாக மாவாக அரைத்த ஓட்ஸை வெதுவெதுப்பான நீரில் கலந்து கழுவுவது அரிப்பையும் வறட்சியையும் தணிக்கும். ஓட்ஸ் ஒவ்வாதவர்கள் மட்டும் விலக்க வேண்டும். நீரில் கரையாத மஸ்காராவையும் லிப்ஸ்டிக்கையும் அகற்றச் சில துளி சூரியகாந்தி எண்ணெய் போதும், பிறகு மென்மையான சோப்பால் கழுவிவிட வேண்டும். ஆலிவ் எண்ணெயை இரவு முழுவதும் பூசி வைப்பது பற்றி எச்சரிக்கை தேவை: 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பரணைப் பலவீனப்படுத்தியதும், சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யாததும் பதிவாயின. மலிவான பொருள்களில் எனக்கு மிகுந்த மதிப்புள்ளது வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி. உதடு, குதிகால், கண்ணிமையின் வறண்ட ஓரம் என அனைத்துக்கும் அது பயன்படுகிறது. அதில் நீர் இல்லாததால் எளிதில் கெடுவதுமில்லை.

கடையில் வாங்கும்போது நேரும் தவறுகள் வேறு வகையானவை. விலை கூடினால் தரமும் கூடும் என்ற எண்ணத்தை மூலப்பொருள் பட்டியலே பெரும்பாலும் பொய்யாக்கிவிடும். பட்டியலில் அளவு மிகுந்தது முதலிலும் குறைந்தது பின்னாலும் வரும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். நிறமிகள் சி.ஐ. என்ற எழுத்துகளோடு எண்களாகக் குறிக்கப்படும்: சி.ஐ. 77891 என்பது டைட்டானியம் டை ஆக்சைடு, சி.ஐ. 77491 என்பது சிவப்பு இரும்பு ஆக்சைடு. விலை உயர்ந்த ஐ ஷேடோவிலும் மலிவானதிலும் மைக்காவும் டால்க்கும் இந்த நிறமிகளுமே முதன்மையாக இருப்பதைப் பலமுறை காணலாம். அரைப்பின் நுண்மையிலும் கலவையின் பக்குவத்திலும் வேறுபாடு இருக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் பொடி, லிப்ஸ்டிக், பென்சில் ஆகியவற்றில் அந்த வேறுபாடு விலை வேறுபாட்டின் அளவுக்கு இருப்பதில்லை என்பது என் கருத்து. விலையை ஒப்பிடும்போதும் டப்பாவின் விலையைப் பார்க்காமல் ஒரு கிராமின் விலையைக் கணக்கிட்டால், சிறிய டப்பாக்கள் பல வேளைகளில் மலிவாகத் தோன்றுபவை மட்டுமே என்பது விளங்கும்.

மலிவு வேறு, போலி வேறு. புகழ்பெற்ற பெயரில், நம்ப முடியாத விலையில், மூலப்பொருள் பட்டியலும் தொகுதி எண்ணும் இல்லாமல் விற்கப்படுவது மலிவான பொருளன்று. போலிகளில் ஈயம், ஆர்செனிக், பாதரசம், மலத்தில் இருக்கும் பாக்டீரியா ஆகியவை பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளன. முகத்தைச் சில நாள்களில் வெளுக்கச் செய்வதாக வாக்களிக்கும் கிரீம்களில் அபாயம் மிகுதி. அவற்றில் கலக்கப்படும் பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிப்பதுடன், ஆவியாகி வீட்டிலுள்ள குழந்தைகளையும் சென்றடைகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்கள் அனைத்தையும் 2025-க்குள் நிறுத்துவதென்று 2023-இல் முடிவெடுத்தன. எனினும் அவை இன்னும் விற்கப்படுவதால், பட்டியலில் ‘கலோமெல்’, ‘மெர்குரி’, ‘மெர்குரஸ் குளோரைடு’ போன்ற சொற்கள் இருந்தாலோ, பட்டியலே இல்லாவிட்டாலோ வாங்காமல் திரும்பிவிட வேண்டும்.

ஃபவுண்டேஷன் நிறத்தைப் புறங்கையில் சோதிப்பது வீண் செலவுக்கு வழிவகுக்கும். தாடையின் ஓரத்தில் தடவி, சில நிமிடம் பொறுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் காற்றுப் பட்ட பின் அது எந்த நிறத்துக்கு மாறுகிறது என்பது தெரியும். கடையில் வைத்திருக்கும் மாதிரி லிப்ஸ்டிக்கை நேரடியாக உதட்டில் பூசினால் உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பீஸ் வைரஸ் போன்றவை தொற்ற வாய்ப்புண்டு. பொருளின் பின்புறத்தில் திறந்த டப்பாவின் படத்துக்குள் இருக்கும் எண், திறந்த பின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைக் குறிக்கிறது. மஸ்காராவைப் பொறுத்தவரை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்காமல் இருப்பதே பாதுகாப்பு. உலர்ந்துவிட்டதென்று அதில் நீரோ எச்சிலோ சேர்ப்பது கருவிழியைத் தாக்கும் கிருமிகளைக் குழாய்க்குள் விடுவதாகும். விலை குறைந்த சிறிய குழாயாக வாங்கி அடிக்கடி மாற்றுவதுதான் இதில் சிக்கனம்.

கடையில் வாங்கியதானாலும் வீட்டில் செய்ததானாலும், முகத்துக்குக் கொண்டுபோகும் முன் முழங்கையின் உட்புறத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு முறை தடவி அரை மணி நேரம் பார்ப்பது போதாது, ஏனென்றால் தொடுகை ஒவ்வாமை இரண்டு, மூன்று நாள் கழித்தே தலைகாட்டும். நாளுக்கு இருமுறை வீதம் ஒரு வாரமோ பத்து நாளோ தடவிப் பார்க்கும்படி தோல் மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். கழுவ வேண்டிய பூச்சாக இருந்தால் வழக்கமாக வைக்கும் நேரம் வரை மட்டும் வைத்துக் கழுவிவிட வேண்டும். ஒரே நாளில் இரண்டு புதிய பொருள்களைத் தொடங்கினால், தடிப்பு வந்தபோது எது காரணம் என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும்.

எரிச்சல் தோன்றிவிட்டால், அதைத் தணிக்க இன்னொரு வீட்டு மருந்தைத் தேடாமல், எல்லா ஒப்பனையையும் நிறுத்தி, வெறும் நீரால் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லியை மட்டும் மெல்லியதாகத் தடவி விட்டுவிடுவது நல்லது. கொப்புளமோ, சீழோ, பரவும் கருமையோ கண்டால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகமோ நாக்கோ வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், கண்ணில் வலியோ பார்வை மங்கலோ ஏற்பட்டாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். போகும்போது பொருளின் அட்டையை எடுத்துச் செல்வதும், வீட்டில் செய்தது என்றால் எதை எந்த அளவில் சேர்த்தோம் என்று எழுதிக்கொண்டு போவதும், எந்தப் பொருளுக்குச் சோதனை செய்வது என்று மருத்துவர் தீர்மானிக்கப் பெரிதும் உதவும்.