புல்லை அளந்த பிறகு மாட்டை வாங்குங்கள்: மேய்ச்சல் பண்ணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் வேலையும், ஆனேக்கல், ஹொஸ்கோட்டை, மாலூர் பக்கம் இரண்டு மூன்று ஏக்கர் நிலமும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், நான்கைந்து கறவை மாடுகளைப் புல்லிலேயே வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நல்ல எண்ணம்தான். நடந்து மேயும் மாட்டுக்குக் குளம்புக் கோளாறுகள் குறைவு; சினைப்பருவ அறிகுறிகள் தெளிவாகத் தெரியும்; பசும்புல்லில் உள்ள கரோட்டினால் வெண்ணெயில் மஞ்சள் நிறம் கூடும். ஆயினும் இத்தகைய முயற்சிகள் பல முதல் கோடையிலேயே தடுமாறிவிடுகின்றன. தன் நிலத்தில் ஆண்டு முழுவதும் எவ்வளவு புல் கிடைக்கும் என்று பார்க்காமல் மாடுகளைப் பிடித்து வந்துவிடுவதே இதற்கு முதன்மையான காரணம்.

ஏறக்குறைய 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிலோ உலர்பொருள் (தீவனத்தில் நீர் போக மிஞ்சும் எடை) தேவை. மழைக்காலப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர்தான் என்பதால், புல்லை மட்டுமே தந்தால் 50 கிலோவுக்குக் குறையாமல் அது மேய வேண்டும். பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண்ணில் மே மாதக் கோடை மழைக்குப் பிறகு துளிர்க்கும் புல், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான மழையில் செழித்து, டிசம்பரில் காயத் தொடங்கிவிடும். செப்டம்பரில் பசேலென்று இருக்கும் நிலத்தைப் பார்த்து மாடுகளின் எண்ணிக்கையை முடிவு செய்பவர், மார்ச் மாதத்தில் அந்த மாடுகளுக்கு எதைப் போடப்போகிறோம் என்று அப்போதே கணக்கிட்டிருக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் ராகி அறுவடை முடிந்தவுடன் தாளை வாங்கிப் போர் போட்டுவிடுவதும், போர்வெல் நீர் உள்ள மூலையில் கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லை நடுவதும், மழைக்காலத்தில் மிஞ்சும் தீவனச் சோளத்தையும் மக்காச்சோளத்தையும் காற்றுப் புகாமல் அடைத்து ஊறுகாய்ப் புல் ஆக்குவதும் அந்தக் கணக்கில் அடங்கும். ராகித் தாள் நல்ல உலர்தீவனம்; ஆனால் புரதம் மிகக் குறைவு. அதோடு காராமணிக் கொடி, வேலிமசால், அகத்தி போன்ற பயறுவகைத் தழை ஏதாவது சேர்ந்தாக வேண்டும்.

அடுத்த பெருந்தவறு, நிலம் முழுவதையும் ஒரே மேய்ச்சல் காடாகத் திறந்துவிடுவது. மாடு முற்றிய புல்லை விட்டுவிட்டு இளந்துளிரைத் தேடித் தின்னும் இயல்புடையது. கடித்த இடத்தில் நான்கைந்து நாளில் துளிர் வரும். அதே மாடு அங்கேயே நின்றால் அந்தத் துளிரையும் கடித்துவிடும். இலையிழந்த புல், தூரிலும் வேரிலும் சேமித்த சத்தை எடுத்து மறுபடி துளிர்க்கிறது. சத்து திரும்பச் சேர்வதற்குள் மீண்டும் மீண்டும் கடிபட்டால் வேர் சுருங்கித் தூர் செத்துப்போகிறது. அந்த வெற்றிடத்தில் முளைப்பது பார்த்தீனியம்தான். எனவே நிலத்தைச் சிறு அடைப்புகளாகப் பிரித்து, ஓர் அடைப்பில் மூன்று நாளுக்கு மேல் மாட்டை நிறுத்தாமல் மாற்றிக்கொண்டே போக வேண்டும். மேய்ந்த அடைப்புக்கு மழைக்காலத்தில் 25, 30 நாள் ஓய்வு போதும். மழை குறையும்போது அதை 45 நாளாகவோ அதற்கு மேலாகவோ நீட்டிக்க வேண்டியிருக்கும். நாள் கணக்கைவிடப் புல்லைக் குனிந்து பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கைவிரல்களை முட்டியாக மடக்கிக் கட்டைவிரலை மட்டும் நிமிர்த்தித் தரையில் ஊன்றிப் பாருங்கள். மேய்ந்து மிஞ்சிய புல் அந்த உயரத்துக்குக் கீழே போகுமுன் மாட்டை வெளியேற்றிவிட வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. குடற்புழுக்களின் இளம்புழுக்கள் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில், தரையிலிருந்து சில சென்டிமீட்டருக்குள் இருப்பவை. ஒட்ட மேயும் மாடுதான் அவற்றை அதிகம் விழுங்குகிறது. கன்றுகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

வறண்ட காலத்திலிருந்து பச்சைக்கு மாறும் வாரங்களில் கூடுதல் கவனம் தேவை. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புதிய தீவனத்துக்குப் பழகப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். ராகித் தாளையே தின்றிருந்த மாட்டை, பனி ஈரம் காயாத காராமணியிலோ குதிரைமசாலிலோ வெறும் வயிற்றோடு விட்டால் வயிறு உப்பிவிடும். இடுப்பெலும்புக்கு முன்னால் இடப்பக்கம் இருக்கும் பள்ளம் முதலில் சமமாகி, பிறகு மேடாகப் புடைத்து, விரலால் தட்டினால் மத்தளம்போல் ஒலிக்கும். மாடு வயிற்றை உதைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி மூச்சு வாங்கும். அந்த நிலையில் கால்நடை மருத்துவரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது. பதற்றத்தில் தலையை அண்ணாந்து பிடித்து எண்ணெய் புகட்டுவது நுரையீரலுக்குள் போய் வேறோர் ஆபத்தாகிவிடும். காலையில் கொஞ்சம் உலர்தீவனம் போட்டு, வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு மேயவிட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

சோளத்தில் இதைவிடக் கடுமையான ஆபத்து இருக்கிறது. இளம் சோளப்பயிரிலும், மழையின்றி வாடிய பயிரிலும், அறுத்த கட்டையில் வரும் மறுதுளிரிலும் சயனைடு நச்சு அதிகம். தின்ற சில நிமிடங்களிலேயே மாடு விழுந்துவிடக்கூடும். பூக்கும் பருவத்துக்கு முன்பு சோளக் காட்டுக்குள் மாட்டை விடவே கூடாது.

வேலியோரத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். பார்த்தீனியம் கலந்தால் பால் கசக்கும். உண்ணிச்செடியை (லாண்டானா) தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெட்டு, தோலின் வெள்ளைப் பகுதிகள் வெயிலில் வெந்து உரியும். வெள்ளைத் திட்டுகள் அதிகமுள்ள எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினங்களில் இது மிகவும் வேதனையாகத் தெரியும். நகரம் நெருங்கிவிட்ட ஊர்களில் காலி மனைகளில் மேயவிடுவதால் பிளாஸ்டிக் பைகளும் கட்டுமானக் கம்பித் துண்டுகளும் வயிற்றுக்குள் போகின்றன. கம்பி இரைப்பையைத் துளைத்து இதயம் வரை செல்லக்கூடும். கழிவுநீர் கலக்கும் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிக்கரைகளில் அறுத்துக் கட்டாக விற்கப்படும் புல்லைப் பால்மாட்டுக்கு வாங்கிப் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கழிவுநீரில் வளரும் புல்லில் நைட்ரேட்டும் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களும் சேரக்கூடும். அதைத் தின்ற மாட்டின் பாலை வீட்டுக் குழந்தைகள்தாம் குடிக்கிறார்கள்.

மாட்டின் இனத்தைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. இருபது லிட்டர் கறக்கும் எச்.எஃப். கலப்பினத்தை வாங்கி, ‘புல் மட்டும்’ என்ற கொள்கையில் விடாப்பிடியாக நிற்பது ஒன்று. அந்த மாடு தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும். விலா எலும்பு தெரியத் தொடங்கும். சினைப்பருவம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். மற்றொன்று, நம் மண்ணின் மாடு என்ற பாசத்தில் ஹள்ளிகாரை வாங்கிப் பாலை எதிர்பார்ப்பது. அது உழவுக்கும் வண்டிக்கும் பேர்பெற்ற இனம், கன்றுக்குப் போக மிஞ்சுவது சொற்பம். நடுத்தர உடம்புள்ள, எட்டு பத்து லிட்டர் கறக்கும் ஜெர்சி கலப்பினம் மேய்ச்சலுக்கு நன்றாக ஒத்துவரும் என்பது என் கருத்து. அதற்கும் மேய்ச்சல் மட்டும் போதாத மாதங்களில், இரண்டரை முதல் மூன்று லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்ற அளவில் அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்தது) தருவதில் குற்றம் எதுவும் இல்லை. தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராம் அளவில் ஆண்டு முழுவதும் வேண்டும். தண்ணீர்த் தொட்டி மேய்ச்சல் அடைப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். மாலையில் கொட்டகையில் குடித்துக்கொள்ளட்டும் என்று விட்டால், கறவை மாட்டுக்குத் தேவையான 60 முதல் 100 லிட்டர் உள்ளே போகாது.

மேய்ச்சலோடு உண்ணியும் வரும். உண்ணி பரப்பும் தைலீரியா நோய் கலப்பின மாடுகளைக் கடுமையாகத் தாக்குகிறது. கடுங்காய்ச்சல், தோள்பட்டைக்கு முன்னால் நெறிகட்டுதல், கண்ணின் உட்புறம் வெளுத்தல் ஆகியவை தெரிந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பலரும் மாட்டின் மேல் மட்டும் மருந்து தெளித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுவது மாட்டின் மேல் அல்ல. கொட்டகைச் சுவரின் விரிசலிலும் தரையிலும்தான். அந்த விரிசல்களைப் பூசி அடைக்காத வரை தெளிப்பு வீண்.

கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுவிட வேண்டும். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரே முறை போடும் புருசெல்லோசிஸ் தடுப்பூசியைத்தான் குடும்பப் பண்ணைகளில் மறந்துவிடுகிறார்கள். கருச்சிதைவை உண்டாக்கும் இந்நோய், காய்ச்சாத பால் வழியாகவும், விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்பதாலும் மனிதருக்குத் தொற்றி, மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும் தரும். புல் மேய்ந்த மாட்டின் பால் தூய்மையானது என்று நம்பிப் பச்சையாகக் குடிப்பவர்களும், அதைக் குழந்தைகளுக்குக் கொடுப்பவர்களும் அந்தப் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். பாலைப் பொங்கக் காய்ச்சியே குடிக்க வேண்டும்.