வாக்கிய நீளம்: சொற்களை எண்ணி ஏமாறாதீர்கள்

புதிதாக எழுத வந்த மூன்று பேருடைய கட்டுரைகளைப் போன வாரம் திருத்தினேன். மூன்றிலும் எட்டுச் சொல்லைத் தாண்டிய வாக்கியமே இல்லை. ஆரம்பத்தில் நானும் இப்படித்தான் எழுதினேன். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழையை விடுங்கள், அவை தானாகச் சரியாகிவிடும். வாக்கிய நீளத்தில் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

சொற்களை எண்ணி வெட்டுவது

அமெரிக்க எழுத்தாளர் ரூடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வெளியிட்ட சூத்திரம், வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை என்று பார்த்து வாசிப்பு எளிமைக்கு மதிப்பெண் போடும். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. ‘வராவிட்டாலும்’ என்பது நமக்கு ஒரே சொல், அங்கே நாலைந்து.

இந்த இரண்டையும் படித்துப் பாருங்கள்:

“அவர் காலையில் எழுந்து, குளித்து, உடை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு, ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடித்தார்.”

“நேற்று வந்த கடிதத்தை எழுதியவருடைய தம்பி வேலை செய்த அலுவலகத்தில் நடந்த தணிக்கையில் கண்டுபிடிக்கப்பட்ட பிழை திருத்தப்பட்டது.”

இரண்டிலும் 13 சொற்கள்தான். ஆனால் இரண்டாவதுதான் நீளம் என்று யாரும் சொல்வார்கள். முதலாவதில் ‘எழுந்து’, ‘குளித்து’ என்று ஒவ்வொரு வினையெச்சமும் ஒரு செயலை முடித்துவைக்கிறது. வாசகர் அதை இறக்கி வைத்துவிட்டு நடக்கலாம். இரண்டாவதில் ‘வந்த’, ‘செய்த’, ‘நடந்த’ என்று பெயரெச்சங்கள் அடுக்கிக்கொண்டே போகின்றன. பேச்சு எதைப் பற்றியது என்பது ‘பிழை’ வந்த பிறகுதான் தெரிகிறது. அதுவரை எல்லாவற்றையும் தலையில் சுமக்க வேண்டும். அந்தச் சுமையைத்தான் வாசகர் நீளம் என்கிறார்.

இது புரியாமல் ஒருமுறை ஓர் இயந்திரக் கையேட்டைத் திருத்தினேன். “மின் இணைப்பைத் துண்டித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்” என்றிருந்தது. சுருக்குகிறேன் என்று, “மூடியைத் திறக்கவும். மின் இணைப்பைத் துண்டிக்கவும்” என்று மாற்றினேன். ‘பிறகே’ போனது, வரிசையும் தலைகீழானது. அச்சான பிரதிகள் அத்தனையையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இன்றைக்கும் யாராவது ‘பிறகே’, ‘மட்டுமே’, ‘இருந்தால்’ போன்றவற்றில் கை வைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பெயரெச்ச அடுக்கைப் பிரியுங்கள், நிபந்தனையைத் தொடாதீர்கள்.

குட்டி வாக்கியம் என்றால் வேகம் என்று நினைப்பது

வாக்கியம் முடியும் இடத்தில் கண் சற்று நின்று, படித்ததைச் சேர்த்துக்கொள்ளும். பத்து முற்றுப்புள்ளி வைத்தால் அப்படிப் பத்து நிறுத்தம்.

எல்லாம் ஒரே நீளம்

வேண்டாம்.

கணினியில் மட்டும் பார்ப்பது

அங்கே இரண்டு வரியில் அடங்குவது கைபேசியில் ஆறு வரியாக நிற்கும். படிக்கும் முன்பே கண் மலைத்துவிடும். அனுப்புவதற்கு முன் சின்னத் திரையிலும் ஒருதரம் பாருங்கள்.