பழைய பள்ளிக்கூடத்தில் மராமத்து வேலையா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

முன்னாள் மாணவர்கள் ஒன்றுகூடி, பணம் திரட்டி, படித்த பள்ளிக்கு ஏதாவது செய்வோம் என்று கிளம்புவது நல்ல விஷயம்தான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கூத்தை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். மூன்று கொட்டேஷன் வாங்குங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

ஒழுகும் தளத்தின் மேல் இன்னொரு தளம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். "மேலே மூணு இஞ்ச் கான்கிரீட் போட்டுடலாம் சார், அப்புறம் கவலையே இல்ல" என்பார் மேஸ்திரி, எல்லோரும் தலையாட்டுவார்கள். 20க்கு 20 அடி வகுப்பறை மேல் 3 அங்குலக் கான்கிரீட் என்றால் சுமார் ஆறரை டன். ஏற்கெனவே துருப்பிடித்துக் கிடக்கும் கம்பிகள்தான் அதையும் தாங்க வேண்டும், கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு பள்ளியில் மூலையில் உடைத்துப் பார்த்தோம். தளத்தில் பதிக்கும் தட்டையான ஓடு, அதன்மேல் சிமெண்ட், மறுபடி ஓடு, மறுபடி சிமெண்ட். மழை விட்டு வாரக்கணக்கில் ஆகியும் நடுவே சொதசொதவென்று ஈரம். ஒழுகலுக்குக் காரணம் என்னவென்றால், மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு வளர்ந்திருந்த ஓர் அரசங்கன்று!

ஆகவே முதலில் குழாய் வாயையும் வாட்டத்தையும் (தண்ணீர் வடிந்தோடும் சரிவு) பாருங்கள். தளம் போடத்தான் வேண்டுமென்றால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள். உடைத்து, அள்ளி, லாரியில் ஏற்றும் கூலியை எஸ்டிமேட்டில் யாரும் சேர்ப்பதில்லை, கடைசியில் கை கடிக்கும்போது "அது மேலேயே போட்டுடுவோம்" என்று ஆகிவிடுகிறது. தேக்கு உத்தரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கூரை) என்றால் இன்னும் மோசம், சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, சுவருக்குள் நுழையும் உத்தர முனை உளுத்துப்போகும்.

கம்பி தெரியும் இடத்தில் சிமெண்ட் அப்புவது

துரு கம்பியைப் பருக்க வைக்கும், புதுப் பூச்சையும் தள்ளிவிடும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள், பொத்பொத்தென்று கேட்கும் இடம் மொத்தத்தையும் கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, கம்பி இளைத்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்டிய பிறகுதான் பூச்சு. எவ்வளவு இளைத்தால் ஆபத்து என்பதைப் பொறியாளர் சொல்லட்டும், மேஸ்திரி அல்ல.

பெயிண்டில் தொடங்குவது

கூடாது.

கழிவறையைக் கடைசிக்குத் தள்ளுவது

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். சுற்றுச்சுவருக்கும் இதே எச்சரிக்கை.

மே மாதத்தில் ஆள் தேடுவது

ஜனவரியிலேயே பேசி முடியுங்கள். மே மாதம் எல்லாப் பள்ளிக்கும் அதே கொத்தனார்தான் வேண்டும்.