நாற்பதுக்குப் பிறகு கர்ப்பம்: முதலில் தேதியைக் குறித்து வையுங்கள்

ராஜபாளையத்தில் பதினெட்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். வருகிறவர்களின் உடம்பு மாறியிருந்தால் என் டேப் சொல்லிவிடும். என் உடம்பு மாறியதை மட்டும் நான் கவனிக்கவில்லை. அப்போது எனக்கு 42 வயது. மகள் பிளஸ் டூ சேர்ந்திருந்தாள். இரண்டு மாதமாக நாள் தள்ளிப்போயிருந்தது. சரி, நிற்கிற காலம் வந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஜாக்கெட் இறுக்கியது. பக்கத் தையலைப் பிரித்து அரை இன்ச் விட்டுக்கொண்டேன். பத்து நாளில் அதுவும் இறுக்கியது. அப்புறம்தான் மெடிக்கலில் போய் கிட் வாங்கினேன். இரண்டு கோடு.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இது. நாற்பது தாண்டி நாள் தள்ளிப்போனால், மெனோபாஸ் என்று நினைப்பதற்கு முன்னால் ஒரு கிட் வாங்கிப் பாருங்கள். ஒரு வருஷம் முழுக்க வராமல் இருந்தால்தான் அதற்கு மெனோபாஸ் என்று பெயர். அதுவரை மாதம் முன்னே பின்னே ஆனாலும் கருமுட்டை வெளிவர வாய்ப்பு உண்டு.

அடுத்தது தேதி. கடைசியாக மாதவிடாய் வந்த முதல் நாள்தான் எல்லாக் கணக்குக்கும் ஆரம்பம். நான் எழுதி வைத்திருக்கவில்லை. சித்திரை பிறந்த அன்று எல்லோரும் அம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனபோது நான் மட்டும் வீட்டில் இருந்தேன். அதை வைத்துத்தான் தேதியைப் பிடித்தேன். அதிலிருந்து எண்ணினால் ஒன்பது வாரம். உங்களுக்கும் தேதி நினைவில்லை என்றால் இப்படி ஏதாவது ஒன்றைத் தொட்டுத் தேடுங்கள். முதல் ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை அளந்து சரிபார்த்துவிடுவார்கள். எனக்கு மூன்று நாள்தான் வித்தியாசம் வந்தது.

இதன் பிறகு நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அப்படி ஒரு கூச்சம். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போன முதல் கிளினிக்கிலும், "பொண்ணுக்குக் கல்யாணம் பேசுற வயசுல உங்களுக்கு இது தேவையா?" என்று கேட்டார்கள். அழுதுகொண்டே பஸ் ஏறினேன். கடைசியில் என் அத்தையிடம் சொன்னேன். என் மாமியாரைத்தான் அப்படிக் கூப்பிடுவேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். அன்றைக்கே அவரே பகுதி நர்ஸிடம் கூட்டிப்போய்ப் பதிவு செய்ய வைத்தார். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து, பிக்மி எண் என்கிற பதிவு எண்ணை வாங்குவது அவசியம். பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் இந்த எண் வேண்டும். வசதி குறைந்த குடும்பங்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய். 12 வாரத்துக்குள் பதிந்துவிடுவது நல்லது.

ஒளித்து வைத்த அந்த மூன்று வாரம் எனக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று பிறகுதான் புரிந்தது. இந்த வயதில் செய்கிற பரிசோதனை ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. அது கடந்தால் திரும்பாது. குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரை அளக்கிற என்.டி. ஸ்கேனை 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டும். அதோடு டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை. நான் போனது 13 வாரம் 4 நாளில். இன்னும் மூன்று நாள் போயிருந்தால் அது கிடையாது.

ஏன் இவ்வளவு பார்க்கிறார்கள்? பெண்ணுக்கு அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. நமக்கு 42 என்றால் முட்டைக்கும் 42. வயது ஏற ஏற முட்டையில், மரபணுக்களைத் தாங்குகிற குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவது கூடுகிறது. குழந்தைக்குக் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருகிற டவுன் சிண்ட்ரோம் 30 வயதுத் தாய்க்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று; 40 வயதில் நூறில் ஒன்று. அதாவது நூறில் தொண்ணூற்றொன்பது பேருக்கு இல்லை. கரு கலைந்துபோவதும் நாற்பதுக்கு மேல் அதிகம். மூன்றில் ஒன்றுக்கு மேல் அப்படி ஆகிறது. யாருக்காவது அப்படி நடந்திருந்தால் ஒன்று சொல்கிறேன்: நீங்கள் குடம் தூக்கியதாலோ மெஷின் மிதித்ததாலோ அது நடக்கவில்லை. ஆரம்பத்தில் கலைபவற்றில் பெரும்பாலானவை இந்தக் குரோமோசோம் கோளாறால்தான். அந்தப் பழியை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அந்த ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து வந்த ரிப்போர்ட்டில் எனக்கு டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு 48-ல் 1 என்று இருந்தது. பக்கத்திலேயே 'ஹை ரிஸ்க்'. அது நோய் இருக்கிறது என்ற தீர்ப்பு இல்லை, மேலே பார்க்கச் சொல்கிற தகவல்தான். அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கிற என்.ஐ.பி.டி. இதைப் பத்து வாரத்திலிருந்தே எடுக்கலாம். குழந்தைக்கு ஆபத்து இல்லை, ஆனால் செலவு அதிகம். சந்தேகமாக வந்தால் அதற்கு மேலும் உறுதி செய்ய வேண்டியிருக்கும். இன்னொன்று, பனிக்குட நீரை ஊசியால் எடுக்கிற ஆம்னியோசென்டசிஸ். 15 வாரம் முடிந்த பிறகு செய்வது. உறுதியாகச் சொல்லிவிடும். இதனால் கரு கலையும் வாய்ப்பு நூறில் ஒன்றுக்கும் குறைவு.

நான் ஊசியைத் தேர்ந்தெடுத்தேன். அப்போது ஆடி மாதம். சொந்தத்தில் ஒருவர், "ஆடியில எதுக்கு, ஆவணி பிறக்கட்டும்" என்றார். ஆவணி பிறக்கும்போது எனக்கு 18 வாரம் ஆகிவிடும். முழு ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பிறகு எந்த முடிவு எடுப்பதாக இருந்தாலும் சட்டத்துக்கும் வாரக் கணக்கு உண்டு. கருக்கலைப்புக்கு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். அதைத் தாண்டினால் 24 வாரம் வரை குறிப்பிட்ட சிலருக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால்தான். அதற்கும் மேல், குழந்தைக்குக் கடுமையான குறை இருந்தால் மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டும். என்ன முடிவு எடுப்பது என்பது அந்தத் தாயும் தகப்பனும் பேசிக்கொள்ள வேண்டியது. யோசிக்க நாள் இருக்கும்போதே உண்மை கைக்கு வரவேண்டும் என்றுதான் நான் ஆடியிலேயே மதுரைக்குப் போனேன். 35 வயதுக்கு மேற்பட்ட தாய் என்பது இந்தப் பரிசோதனைக்கு 1994-ம் வருஷச் சட்டமே ஏற்றுக்கொள்கிற காரணம். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்கக் கூடாது, சொல்லவும் மாட்டார்கள். அதற்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

ஊசி நீளமானது. பார்க்க வேண்டாம் என்றார்கள், நான் பார்த்தேன். இத்தனை வருஷம் ஊசியோடு இருப்பவள், கண்ணை மூட மனசு வரவில்லை. திரையில் குழந்தை ஒரு ஓரமாகக் காலை மடக்கிப் படுத்திருந்தது. டாக்டர் ஸ்கேனில் இடம் பார்த்து, அது இல்லாத பக்கமாக ஊசியை இறக்கினார். சுருக்கென்று இருந்தது, அவ்வளவுதான். சிரிஞ்சில் ஏறிய நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இரண்டு நாள் கனமான வேலை வேண்டாம், நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரவேண்டும் என்றார்கள். நீங்கள் போனால் உங்கள் ரத்த வகை ஆர்.எச். நெகடிவா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அதற்குத் தனியாக ஒரு ஊசி உண்டு. மூன்றாம் நாள் முதல் ரிப்போர்ட் நார்மல் என்று போனில் சொன்னார்கள். கையில் யாருடைய ஜாக்கெட்டோ இருந்தது. அதில் முகத்தைத் துடைத்துவிட்டேன். முழு ரிப்போர்ட்டும் பிறகு நல்லபடியாகவே வந்தது.

அன்று ராத்திரிதான் மகளிடம் சொன்னேன். அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. எழுந்து போய் மாதக் காலண்டரை எடுத்து வந்து, செவ்வாய்க்கிழமைதோறும் வார எண்ணை சிவப்புப் பேனாவால் எழுதினாள். சமையற்கட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டினாள். நீங்களும் இப்படிச் செய்யுங்கள். போனில் வைத்தால் அது உங்களோடு போயிற்று. சுவரில் இருந்தால் வீடே எண்ணும்.

ரத்தக் கொதிப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நாற்பதுக்கு மேல் இது கூடுதலாக வரும், சத்தமில்லாமல் வரும். வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் டாக்டர் 12 வாரம் வாக்கில் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதுவார். ராத்திரியில் போடுவது, 16 வாரத்துக்கு முன்னால் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். எனக்கும் எழுதினார்கள். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், எழுதித் தராவிட்டால் கேளுங்கள். மேல்கையில் கட்டுகிற பி.பி. மெஷின் ஒன்று வாங்கி வையுங்கள். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் பாருங்கள். 140-க்கு 90 தொட்டால் அன்றைக்கே போக வேண்டும். விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது பக்கம் விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகம் வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சர்க்கரைதான் எனக்கு வந்தது, அதுவும் தீபாவளி நேரத்தில். 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்கிற இந்த எளிய முறையை இங்கே பரவச் செய்ததில் சென்னையின் டாக்டர் வி. சேஷய்யாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பிறந்த மார்ச் 10-ஐ கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகவே வைத்திருக்கிறார்கள். 140-ம் அதற்கு மேலும் வந்தால் சர்க்கரை. எனக்கு 152. கடையில் அறுபது ஜாக்கெட் பாக்கி கிடந்தது. அக்கம்பக்கத்து டெய்லர்களுக்குப் பாதியைப் பிரித்துக் கொடுத்தேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மெஷினுக்கு மோட்டார் மாட்டினேன். தட்டில் சோற்றை ஒரு கரண்டியாகக் குறைத்து, கீரை, சுண்டல், முட்டை என்று நிரப்பினார் அத்தை. களியும் கஞ்சியும் சத்துதான், ஆனால் குழைந்துவிட்டதால் எனக்கு வேகமாக ஏற்றியது. சாப்பிட்டதும் தெருமுனை வரை இருபது நிமிஷம் நடப்பேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் நின்றது. நிற்காதவர்கள் மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ பயப்பட வேண்டாம், அது குழந்தையைக் காப்பாற்றத்தான்.

மற்றதெல்லாம் எந்த வயதிலும் உள்ளதுதான். போலிக் ஆசிட், முடிந்தால் கர்ப்பத்துக்கு முன்னாலிருந்தே. இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள். கால்சியத்தை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கிற பெரிய ஸ்கேன். தைராய்டு பரிசோதனை.

கடைசி மூன்று மாதத்திலும் குழந்தை அசைவைக் கவனியுங்கள். வழக்கத்தைவிடக் குறைந்தால் காத்திருக்காதீர்கள். வயது நாற்பது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. ஆனால் நாள் தாண்டிப்போக விடக் கூடாது. 39 வாரத்துக்குப் பிறகு நம் வயதில் குழந்தைக்கு ஆபத்து கூடுகிறது. அதனால் 39, 40 வாரத்தில் வலி வரவைப்பது பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ரத்தம் கொடுக்க இரண்டு பேரைச் சொல்லி வையுங்கள். நான் போகிக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தேன். போகியன்று சாயங்காலம் சுகப்பிரசவம், மகன், இரண்டு கிலோ எழுநூறு.

பிரசவத்தோடு பரிசோதனை முடிந்துவிடாது. பி.பி. அதன் பிறகும் ஏறலாம், முதல் வாரங்களில் பார்த்துக்கொண்டே இருங்கள். சர்க்கரை வந்தவர்கள் ஆறு வாரத்தில் மறுபடி 75 கிராம் குடித்துப் பார்க்க வேண்டும், பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. பிள்ளையைக் கவனிக்கிற மும்முரத்தில் நாம் மறந்துவிடுவது இதைத்தான். நானும் மறந்திருந்தேன். பொதுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகள்தான் புதுக் காலண்டரில், கணக்குப் பரீட்சைக்கு மேலே, சிவப்புப் பேனாவால் எழுதி வைத்திருந்தாள்: அம்மா, குளுக்கோஸ்.