கொல்லைப்புறப் பறவைகளை எண்ணுவது எப்படி?

மார்கழி, தை மாதங்களில் வீட்டுக் கொல்லையிலேயே பறவைகளை எண்ணலாம். பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் குறைந்தது 15 நிமிடம் போதும். தருமபுரிப் பக்கம் காலை ஆறரைக்கு உட்காரலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டையில் பனி விலகும்வரை பொறுங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

பலரும் தவறுவது எண்ணிக்கையில்தான். முருங்கைக்கு வந்த தேன்சிட்டு போய்ப்போய்த் திரும்பும்; ஒவ்வொரு முறையும் எண்ணினால் ஒன்று ஐந்தாகிவிடும். ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை எழுதுங்கள். ஆனால் நிறத்தில் வேறுபடும் ஆண் தேன்சிட்டும் பெண் தேன்சிட்டும் தனித்தனியே வந்தாலும் அவை இரண்டு என்பது உறுதி. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒவ்வொன்றாகத் தாவும்போது எண்ணுவது எளிது. சோளக்கொல்லைக்கு மேல் சோளப்பட்சிகள் திரளாகப் பறந்தால், முதலில் பத்தை எண்ணி, அதே அளவு எத்தனை மடங்கு என்று பாருங்கள்.

காதுக்கும் வேலை உண்டு. வேலிப் புதருக்குள் 'டக்… டக்' என்று கேட்டால் அது பெரும்பாலும் குளிர்கால விருந்தாளியான கதிர்க்குருவி; ஆள் வெளியே வருவது அபூர்வம். ஆறுமணிக்குருவியும் விடியலிலும் அந்தியிலும் குரலால்தான் பிடிபடும்.

தண்ணீர் வைப்பதானால் அகன்ற மண்தட்டு, இரண்டு அங்குல ஆழம், நடுவில் ஒரு கல். பூனை பதுங்கும் புதரை ஒட்டி வைக்காதீர்கள். தினமும் கழுவி மாற்றாவிட்டால் கொசுப்புழு வரும்.

பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாமல், அலகு, வால், கண்ணுக்கு மேலே ஓடும் புருவக்கோடு மூன்றையும் குறித்துவையுங்கள்.